கிளை நூலகங்களின் பழைய நூல்கள் குறித்துப் பொது நூலக இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கிளை நூலகங்களில் எந்த நூலை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என்ற முடிவு நாளைய தமிழ் எழுத்தாளர்களை நேரடியாகப் பாதிக்கிறது என்று உறுதியாக நம்புவதால் இம்மடலை எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923ஆம் ஆண்டில் பிறந்த இரு நண்பர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமிக்கு மறைவுக்குப் பின் 1970இலும், கி.ரா.வுக்கு 1991இலும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கம்பனில் தோய்ந்த அழகிரிசாமி ரஷ்ய எழுத்தாளர் கார்க்கியையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவருடைய விருது பெற்ற தொகுப்பின் தலைப்புக் கதையே புத்தகத்தின் மேல் ஆசை கொண்ட பிள்ளைகளைப் பற்றியதுதான். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கி.ரா.வையோ பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

கரிசல் மக்களின் பேச்சைக் கேட்டு எழுதியவர் என்று மட்டும் கி.ரா.வைச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அந்தப் பேச்சை அன்றாடம் கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அது இன்னும் அச்சில் ஏறவில்லை என்பதையும், ஏறத் தகுதியுடையது என்பதையும் உணர்வதற்கு, அதுவரை அச்சில் வந்தவற்றை ஆசையோடு படித்திருக்க வேண்டும். எது எழுதப்படாமல் கிடக்கிறது என்பது நிறையப் படித்தவருக்கே தெரியும். நடையும் அவ்வாறே அமைகிறது: பதினைந்து வயதில் கதைக்காகப் படித்த நூலை நாற்பதில் மீண்டும் எடுக்கும்போதுதான், ஒரு வாக்கியம் எங்கே நிற்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது எழுதுகிறவருக்குப் புலப்படுகிறது. ஆகவே அந்த நூல் நாற்பதிலும் கைக்குக் கிடைக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தனுக்குச் சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம் வாசிப்பையும் விவாதத்தையும் தந்தது. அத்தகைய இடம் வாய்க்காத பிள்ளைகளுக்குக் கிளை நூலகமே கதி. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்திவரும் மக்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

போட்டித் தேர்வு நூல்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை தேடும் இளைஞர்களுக்கு அவை மிக அவசியமானவை. ஆனால் அவற்றுக்கு இடம் ஒதுக்குவதற்காகச் சிறுகதைத் தொகுப்புகளும் நாவல்களும் வெளியேற வேண்டியதில்லை. கிழிந்த இலக்கிய நூலைக் கழிக்கும்போது அதே நூலின் புதிய பதிப்பை வாங்கிய பிறகே கழிக்க வேண்டும் என்று ஆணையிடுமாறு வேண்டுகிறேன். பள்ளி மாணவர்களுக்கு முன்வைப்புத் தொகை இன்றி நூல்களை வீட்டுக்கு வழங்க வேண்டும். பள்ளி விட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்கும் வேலை முடிந்து வருவோருக்கும் பயன்படும்படி, ஊர்ப்புற நூலகங்கள் மாலை வேளைகளில் திறந்திருப்பதற்குத் தேவையான பணியாளர்களையும் நியமித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்