வாசகர் வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை: புத்தகத்துக்கு ஓர் இடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கிளை நூலகர் அம்மையார் அவர்களே, வாசக நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை நம் வட்டம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் கிளை நூலகத்தில் நடந்தன. நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையால் ஒரு கூட்டத்தை மட்டும் தள்ளிவைத்தோம். மெட்ரோ ரயில் பணிகளால் மயிலாப்பூர் லஸ் பகுதியில் போக்குவரத்து மாற்றப்பட்டிருந்ததால் மூத்த உறுப்பினர்கள் சிலரால் வர முடியவில்லை. அவர்களுக்குப் புத்தகங்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்த இளைஞர்களுக்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன்.

நூல் அறிமுகங்களையும் சிறுகதை வாசிப்பையும் பற்றிக் கூட்டக் குறிப்பேட்டில் விரிவாக எழுதியிருக்கிறோம். அதை இங்கே திரும்பப் படிக்கப் போவதில்லை. இந்த ஆண்டு நம்மை அதிகம் ஈடுபடுத்திய ஒரு விஷயத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கே இடம் போதாத இந்த நகரத்தில் புத்தகம் எங்கே இருப்பது என்ற கேள்வி அது. 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் 26,553 பேர் வசித்தார்கள். அதற்குப் பிறகு நம் தெருக்களில் எத்தனை தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறின என்பதை நீங்களே பார்த்து வருகிறீர்கள்.

வீடு இடிபடும்போது முதலில் வெளியே வருவது பரணில் இருந்த புத்தகங்கள். ஆண்டு முழுவதும் நம் வட்டத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவைதான். அப்பா சேர்த்தது, தாத்தா பைண்டு செய்து வைத்தது, புது வீட்டில் பரண் கிடையாது, எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் புத்தகத்தை மதிக்காதவர்கள் அல்லர். எடைக்குப் போட மனம் வராததால்தான் நம்மை அழைத்தார்கள். வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, ஓவியங்களோடு சேர்த்துத் தைத்து, முதுகில் மையால் பெயர் எழுதிய தொகுதிகள் வந்தன. நூலாக வெளிவராமலே போன கதைகளும் அவற்றில் இருக்கலாம் என்பதால் அவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பணியில் இறங்கியபோது நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொண்டது கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களை. செட்டிநாட்டு ஊர் ஒன்றில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த பெருந்தொகுப்புதான் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னைக்கு வந்து ஆராய்ச்சி நூலகமாக ஆனது. இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகம் இல்லையென்றால் தமிழ் அச்சின் எத்தனையோ தடயங்கள் கரையானுக்குப் போயிருக்கும். அவரைப் போன்ற ஆர்வம் உள்ளவர்கள் சென்னையில் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு படுக்கையறை வீட்டில் அப்படி ஒரு தொகுப்பு வளர வழியே இல்லை. இனிமேல் சேகரிப்பு என்பது பல வீடுகள் சேர்ந்து செய்யும் காரியமாகத்தான் இருக்க முடியும் என்பது செயற்குழுவின் கருத்து. அதனால் உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் உள்ள அரிய நூல்களின் பட்டியலை வட்டத்திடம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினோம். நூல் அவரவர் வீட்டிலேயே இருக்கும், எங்கே இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் இன்னும் பட்டியல் தரவில்லை. தயவுசெய்து தாருங்கள்.

ஆகஸ்ட் கூட்டத்துக்குச் சிறு பதிப்பகம் நடத்தும் நண்பர் ஒருவர் வந்திருந்தார். பதிப்புத் தொழில் இந்த இட நெருக்கடியை எப்படிச் சமாளிக்கிறது என்று அவர் விளக்கியது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. ஆஃப்செட் அச்சில் தகடு எடுப்பது, இயந்திரத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவருவது ஆகிய செலவுகள் நூறு படி அடித்தாலும் ஆயிரம் படி அடித்தாலும் ஒன்றுதான். அதனால்தான் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்தார்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் அதில் பெரும்பகுதி மொத்தமாகப் போய்விடும். வராத ஆண்டில் பைண்டிங் முடிந்த கட்டுகளும் முடியாத அச்சுத் தாள்களும் கிடங்கிலேயே தங்கும். நகர வாடகையில் கிடங்கு வைத்திருப்பது, விற்காத புத்தகத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுவதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல பதிப்பாளர்களின் கிடங்குகளுக்குள் தண்ணீர் புகுந்து, மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள் ஊறிப் போயின. பொங்கலை ஒட்டி நடக்க வேண்டிய சென்னை புத்தகக் காட்சி 2016இல் கோடைக்குத் தள்ளிப்போய்த் தீவுத்திடலில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

இன்று நிலைமை வேறு. டிஜிட்டல் அச்சில் தகடு கிடையாது. ஐம்பது படி வேண்டுமென்றால் ஐம்பதுதான் அடிக்கிறார்கள், தீர்ந்தால் மறுபடி அடிக்கிறார்கள். கிடங்கு சுருங்கி ஓர் அறையாகிவிட்டது. பல ஆண்டுகளாகக் கிடைக்காமலிருந்த நூல்கள் மறுபடி கிடைக்கின்றன. கவிதைத் தொகுப்பையும் வட்டார வரலாற்றையும் நஷ்டம் என்ற பயமில்லாமல் போட முடிகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். விலை கூடியிருப்பதும் உண்மைதான். குறைவாக அடிக்கும்போது ஒரு படியின் அடக்கவிலை ஏறுகிறது. பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று நாம் மனக்கணக்குப் போட்டுப் புத்தகம் வாங்கிய காலம் போய்விட்டது.

ஆனால் அன்றைய விவாதத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வியை நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஐம்பது படி மட்டும் அடிக்கும் பதிப்பாளர் அதில் எத்தனையைக் கடைகளுக்கு அனுப்புவார் என்று அவர் கேட்டார். அனுப்ப முடியாது என்பதுதான் பதில். கடைக்காரருக்கு உரிய கழிவையும் கொடுத்து, விற்குமா என்று தெரியாமல் படிகளை அங்கே முடக்கிவைக்க அவருக்குக் கட்டாது. ஆகவே அந்தப் புத்தகம் பெயர் தெரிந்து கேட்பவருக்கு அஞ்சலில் வந்து சேர்கிறது. பெயர் தெரியாதவரின் கண்ணில் அது படுவதே இல்லை. மின்னூலும் அப்படித்தான். 2016 இறுதியில் கிண்டில் தமிழை ஏற்ற பிறகு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டிய நம் முதியவர்களுக்கும் பெரிய உதவி கிடைத்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் இணைய மின்னூல் தொகுப்பு பழைய இலக்கியங்களை யாரும் இலவசமாகப் படிக்கும்படி செய்தது. 1941இல் தொடங்கிய கல்கி இதழ் 2020இல் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. இடம் பிடிக்காத இந்த வடிவங்கள் எல்லாமே தேடுகிறவருக்கு உதவுகின்றன. எதைத் தேடுவது என்றே தெரியாத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, கை போன போக்கில் ஒரு புத்தகத்தை உருவிப் பார்க்க ஓர் அலமாரி வேண்டும். இந்த நகரத்தில் குறைந்துகொண்டே வருவது அந்த அலமாரிதான்.

ஒரு காலத்தில் பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் அந்த வேலையைச் செய்தது. 1900இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதத் தீ விபத்தில் அழிந்தது. அந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். வளரும் நகரத்துக்கு ரயில் நிலையம் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இருந்தாலும் ஒரு மாணவன் கையில் இருக்கும் சில்லறைக்கு அகராதியும் நாவலும் வாங்கிப்போன அந்தக் கூட்டம் அதே அளவில் பிறகு எங்கேயும் கூடவில்லை. நம் பகுதியின் நடைபாதைக் கடைகள் அந்த மரபின் தொடர்ச்சி. நடைபாதை நடப்பவர்களுக்கும் வேண்டும், புத்தகக் கடைக்கும் வேண்டும் என்னும் இந்த இழுபறியில் பழைய புத்தக வியாபாரிகளுக்காகப் பேச நம்மைத் தவிர அதிகம் பேர் இல்லை.

சென்னை புத்தகக் காட்சியும் இடம் தேடி அலைந்த கதைதான். 1977இல் அண்ணா சாலை மதரஸா-ஏ-ஆஸம் பள்ளி வளாகத்தில் தொடங்கியது. பிறகு காயிதே மில்லத் கல்லூரி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செயின்ட் ஜார்ஜ் பள்ளி என்று மாறி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு வந்தது. 2024 டிசம்பர் 27இல் தொடங்கிய 48ஆவது காட்சிக்கு வட்டத்தின் சார்பில் பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்றோம். ஆளுக்கு ஒரு சிறு தொகை கொடுத்து, எதை வாங்கலாம் என்று நாங்கள் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம். ஒரு சிறுமி பறவைகளைப் பற்றிய நூலை எடுத்து, வைத்து, மறுபடி வந்து எடுத்தாள். அந்த எடுப்பதும் வைப்பதும் நடக்கத்தான் இவ்வளவு பெரிய பந்தல் தேவைப்படுகிறது. ஆனால் அது ஆண்டுக்கு இரண்டு வாரம் மட்டும்தான் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் நடப்பது நல்ல மாற்றம். ஒவ்வோர் ஊரும் சென்னைக்கு வர வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது.

அடுத்து நம் கிளை நூலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலை நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார்கள். அவர்களில் பலர் நூலகப் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. ஒரே அறையில் குடும்பமே வாழும் வீட்டில் பிள்ளை உட்கார்ந்து படிக்க ஒரு நாற்காலி கிடையாது. 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே பகுதி அமைத்ததும், 2024இல் கொளத்தூரில், படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும் முதல்வர் படைப்பகம் திறந்ததும் இந்தத் தேவையை உணர்ந்து செய்த காரியங்கள். உட்கார வந்தவர் ஒருநாள் எழுந்து அலமாரிப் பக்கம் போவார். அப்போது அங்கே நல்ல புத்தகம் இருக்க வேண்டும்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றவர்களின் உழைப்பால் வந்த 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி நாம் ஒவ்வொருவரும் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். இன்று அது சொத்து வரியில் பத்து சதவீதம். ஒரு தனி வீடு இருந்த மனையில் எட்டு வீடுகள் எழும்போது சொத்து வரி கூடுகிறது, கூடவே நூலக வரியும் கூடுகிறது. அப்படியானால் நெருக்கம் கூடும் பகுதியில் நூலகத்தின் பரப்பும் கூட வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு நம் உறுப்பினர்கள் பலர் இதைக் கேட்கும் மனுவில் கையெழுத்திடத் தாங்களாகவே முன்வந்தார்கள்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு வட்டத்தின் அஞ்சலி. ஒருவரின் குடும்பத்தார் அவருடைய மேசையையும் நாற்காலியையும் நூலகத்துக்கு வழங்கினார்கள். அவை பத்திரிகைப் பகுதியில் பயன்படுகின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இடம் தந்து, நேரம் கடந்தும் விளக்கணைக்காமல் காத்திருந்த நூலகர் அம்மையாருக்கும் ஊழியர்களுக்கும், பழைய நூல்களைத் தூசு தட்டி வகைப்படுத்திய மகளிர் உறுப்பினர்களுக்கும் உளமார்ந்த நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறது. மெட்ரோவின் இரண்டு தடங்கள் சந்திக்கும் திருமயிலை நிலையம் திறக்கப்படும்போது, அதில் குறைந்த வாடகையில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடைக்கும் ஒரு பழைய புத்தகக் கடைக்கும் இடம் ஒதுக்கக் கோரி மனு அளிப்பது. வடிவமைப்பு முடிவதற்கு முன்பே கேட்டால்தான் பலன் உண்டு. உறுப்பினர்கள் வசிக்கும் அடுக்ககங்களின் தரைத்தளத்தில், குடியிருப்போர் சங்கங்களின் சம்மதத்தோடு, பொது அலமாரி வைப்பது. நம்மிடம் வந்து சேர்ந்த நூல்களில் அரியவை போக மற்றவை அங்கே போகும். சிறு பதிப்பாளர்களின் புதிய நூல்களில் மாதம் ஒரு படியேனும் வட்டத்தின் செலவில் வாங்கி, கிளை நூலகத்தில் கண்ணில் படும் இடத்தில் வைப்பது. மூன்றாவது பரிந்துரைக்கு ஆண்டுச் சந்தாவைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். தொகையை இன்று பேசி முடிவு செய்யலாம்.

இந்த அறிக்கையையும் பரிந்துரைகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்