லியோனில் அந்த ஞாயிற்றுக்கிழமை உதவிய அம்மாவுக்கு

போன ஞாயிறு, பிரான்சின் லியோன் நகரில் கில்லோத்தியேர் மெட்ரோ பக்கம், மூடிக்கிடந்த மருந்துக்கடை முன்னால் காய்ச்சலில் துவண்ட மகளோடு நின்றேன். கதவில் ஏதோ அறிவிப்பு. எனக்கு 'போன்ஜூர்', 'மெர்சி' தவிர பிரெஞ்சு தெரியாது.

நாயோடு வந்த நீங்கள்தான் அதைப் படித்தீர்கள். ஞாயிறன்று முறை வைத்துத் திறக்கும் 'ஃபார்மசி த கார்த்' எங்கே என்று கை காட்டியதோடு நிற்காமல், கூடவே நடந்து வந்தீர்கள்.

டோலிப்ரான் என்ற காய்ச்சல் சிரப்போடு வரும், மருந்து அளக்கும் குழலில் மில்லி கணக்கு இல்லை, பிள்ளையின் எடைதான் கிலோவில் இருக்கிறது. நான் விழித்தேன். பாப்பாவைக் காட்டி, சைகையில் எடை கேட்டு, 12-க்கு நேரே பேனாவால் புள்ளி வைத்தீர்களே, அந்தக் குழல் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.

ராத்திரியே காய்ச்சல் இறங்கிவிட்டது. பதற்றத்தில் உங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அம்மா.