எதையெல்லாம் சாப்பிடலாம் என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து நீ அனுப்பிய ஐந்து செடிகளின் படங்களும் வந்து சேர்ந்தன. "இதில் எதையெல்லாம் சாப்பிடலாம்?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். தீபாவளிக்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவுமே வராதிருந்த வீட்டுக்கு அந்த ஒரு வரியே பெரிதுதான் என்றாலும், செடியைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பதை நீ அறிவாய். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்று முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். முழுவதையும் படித்த பிறகு அடுப்பைப் பற்றவை.

முதல் படத்தில் வேலியோரம் நிற்பது கறிவேப்பிலை அன்று. கறிவேப்பிலையின் ஒரு கூட்டிலையில் பதினொன்றுக்குக் குறையாமல், இருபதுக்கு மேலும்கூடச் சிற்றிலைகள் இருக்கும். உன் படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். ஏழுதான் இருக்கின்றன, அவையும் தடித்துப் பளபளக்கின்றன. அது முராயா பானிகுலேட்டா. மல்லிகைபோல் மணக்கும் வெள்ளைப் பூவுக்காக வெப்பநாடுகளில் வேலிச்செடியாக வளர்க்கப்படுவது. இரண்டும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதாலும், இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டிலுமே எண்ணெய்ச் சுரப்பிகள் ஊசிப்புள்ளிகளாகத் தெரியும் என்பதாலும், கைபேசிச் செயலி தடுமாறியதில் எனக்கு வியப்பில்லை. நீ தடுமாறியதில்தான் வியப்பு. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்திருந்தால் தெரிந்திருக்குமே; ஆயா தாளித்த ரசத்தின் வாசனை அறியாத மூக்கா உன்னுடையது? கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருக்கும் 'கோனிகி' என்பது செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசின் மாணவரான கோனிக் என்ற மருத்துவரின் பெயர் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் மகிழ்ந்திருக்கிறேன். 1768இல் நம் பக்கத்துத் தரங்கம்பாடிக்கு வந்தவர் அவர். கப்பலில் ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆன அந்தக் காலத்திலும், பார்த்த செடிகளைப் பற்றி ஐரோப்பாவிலிருந்த தம் ஆசிரியருக்கு அவர் எழுதி அனுப்பியிருக்கிறார்.

இரண்டாவது படத்தில் ஒரு செடி இருப்பதாக நீ நினைத்திருக்கிறாய், இருப்பது இரண்டு. நீர் ததும்பும் சிவந்த தண்டும் சிறு கரண்டி வடிவத் தடித்த இலையும் கொண்டது பருப்புக்கீரை. அதைத் தாராளமாக உண்ணலாம். அந்நாட்டின் பூர்வகுடி மக்களும் அதன் இலையையும் விதையையும் உணவாகக் கொண்டிருக்கிறார்கள். அதனோடு பின்னிக்கொண்டு, தரையோடு தரையாக மெல்லிய தண்டுடன் படர்ந்திருப்பது ஆமணக்குக் குடும்பத்துப் பாலாடைச் செடி. பறிக்கும்போது ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பார். பருப்புக்கீரையில் தெளிந்த நீர் கசியும். மற்றதில் வெள்ளைப் பால் வரும். பால் வந்தால் கீழே போட்டுவிடு. பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஆயா அம்மான் பச்சரிசிக் கீரையைச் சமைத்துக் கொடுக்கவில்லையா, அதிலும் பால் வருமே என்று நீ வாதிடுவாய். ஆயா எழுத்தறியாதவள், ஆனால் நம் கொல்லையில் அவளுக்கு அடையாளம் தெரியாத செடி ஒன்றும் இருந்ததில்லை. நீ இரண்டு பட்டம் பெற்றவன். ஆகவே பால் வந்தால் கீழே போட்டுவிடு.

மூன்றாவது குப்பைக்கீரைதான், ஐயமில்லை. கணுவில் முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதன் தளிரையும் சமைக்கலாம். ஆனால் அது வாடகை வீட்டுத் தோட்டம். உனக்கு முன்பு இருந்தவர்களோ வீட்டுக்காரரோ களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பறிக்காதே.

நான்காவது படத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேம்பு என்று எழுதியிருக்கிறாய், இருக்கலாம். ஆனால் அலோகேசியா என்ற அழகுச்செடி இனமும் ஏறத்தாழ அதே உருவத்தில், யானைக்காது போன்ற இலையோடு நிற்கும். சேம்பில் இலைக்காம்பு இலையின் பிளவில் சேராமல், சற்று உள்ளே தள்ளி அடிப்பக்கத்தில் பொருந்தியிருக்கும்; இலைநுனி தரையை நோக்கித் தொங்கும்; மேலே விழுந்த மழைத்துளி ஒட்டாமல் உருண்டோடும். அலோகேசியாவில் முதிர்ந்த இலையின் காம்பு பெரும்பாலும் பிளவிலேயே வந்து சேரும். நுனி வானம் பார்க்கும். இளஞ்செடியில் இந்த அடையாளமும் ஏமாற்றிவிடும் என்பதால், முதிர்ந்த இலையைப் பார். நீயோ அந்தக் காம்பு சேரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கிறாய். இரண்டிலுமே கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் உண்டு. நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்துச் சமைக்கும் வழக்கமெல்லாம் அந்த அரிப்பை அடக்கத்தான். அரைவேக்காட்டில் தின்றால் நாக்கும் தொண்டையும் வீங்கும். அங்கே இரவில் உன்னை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல யார் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

ஐந்தாவது மரவள்ளி அன்று. இளந்தளிர் செங்கருப்பாகவும், தொட்டால் பிசுபிசுக்கும் மயிர்களோடும், சிறிய சிவப்புப் பூக்களோடும் இருக்கும் அது காட்டாமணக்கின் உறவு. டார்வினைத் தலைநகராகக் கொண்ட வடக்குப் பிரதேச அரசே அதைக் களையென்று அறிவித்திருக்கிறது. விதை கொடிய நஞ்சு. அதன் பக்கமே போகாதே. உண்மையான மரவள்ளி கிடைத்தாலும் தோலைச் சீவி, மூடாமல் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் உண்ண வேண்டும். கேட்பதற்கு முன்பே இவற்றில் எதையாவது சமைத்துவிட்டாயா என்பதை மட்டும் மறைக்காமல் எழுது.

இனிமேல் படம் எடுப்பதானால் இலையின் இரு பக்கங்களையும், காம்பு தண்டோடு சேரும் கணுவையும், பூவோ காயோ இருந்தால் அதையும், அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடு. ஒளி நன்றாகவே இருந்தது. புதன்கிழமை இங்கே காலை ஏழு மணிக்கு அவை வந்தன, அங்கே பதினொன்று. இலையின் நிறத்தைச் சரியாகக் காட்டுகிற நேரந்தான். அலுவலக நேரத்தை மாற்றியிருப்பார்கள் என்று அப்பா சொன்னார், நானும் ஆமென்றேன்.

டார்வினில் இது மழைக்காலம். வெறுங்காலோடு மண்ணில் இறங்காதே. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருந்து காலில் உள்ள சிறு கீறல் வழியே புகுகின்ற மெலியோயிடோசிஸ் என்ற தொற்று அந்தப் பகுதியில் மழைக்காலத்தில் அதிகம் என்று படித்தேன். சர்க்கரை நோய் உள்ளவர்களை அது மிகவும் வருத்துமாம். அப்பாவுக்கு வந்த வயது உனக்கும் நெருங்குகிறது. கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்தாய்? மூடிய காலணியும் கையுறையும் இல்லாமல் மண்ணைத் தொடாதே. வேலியோரம் செல்வதானாலும் காலணி போட்டுக்கொள்.

வேலியோரத்துக் கீரையைப் பறித்து உண்பதில் ஒருவருக்கும் இழுக்கில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து போன காலையில் நம் பலாவும் முந்திரியும் கிடந்த கிடை உனக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டு முழுவதும் இந்த வீட்டில் என்ன சமைத்தோம் என்பதும், அதை அத்தை வீட்டுக்குக்கூடத் தெரியவிடாமல் இருந்தோம் என்பதும் உனக்குத் தெரியும். அன்று முறிந்து கிடந்த முருங்கையிலிருந்து போத்து வெட்டி, யாரும் சொல்லாமலே கிணற்றோரம் நட்டவன் நீதான். அந்த மரம் இப்போது கூரையைத் தாண்டி நிற்கிறது. ஆகவே கீரை தேடுகிற காலம் எப்படிப்பட்டது என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நீயும் விளக்க வேண்டாம்.

முருங்கை விதை அனுப்பலாமென்றால் அந்நாட்டுச் சட்டம் கடுமையானது. முன்பு எழுதியிருந்தாயே, அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு போத்தும், ஒரு கறிவேப்பிலைக் கன்றும் கேட்டு வாங்கு. டார்வினும் நம் பண்ருட்டியும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில், ஒன்று தெற்கேயும் ஒன்று வடக்கேயும் 12 பாகையை ஒட்டி இருப்பவை; இங்கே வளர்வது பெரும்பாலும் அங்கும் வளரும். போத்தின் அடியில் நீர் தேங்க விடாதே. அந்த ஊர்த் தாவரவியல் பூங்காவுக்கும் ஒருமுறை போய் வா. 1974 கிறிஸ்துமஸ் நாளில் டிரேசி புயல் அதன் பெரும்பகுதியை அழித்த பிறகு மீண்டும் உருவாக்கியிருக்கிறார்கள். பெயர்ப்பலகையுள்ள செடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை. பகலில் நேரம் இருப்பதால் சொல்கிறேன்.

இந்த மாதமும் அடுத்த மாதமும் நீ பணம் அனுப்ப வேண்டாம். முந்திரி பூத்திருக்கிறது, என் ஓய்வூதியமும் ஒழுங்காக வருகிறது, மோட்டாரை மாற்றுவதை ஆடிக்குத் தள்ளிவிட்டோம். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. நான்காவது படத்துச் செடியின் காம்பு இலையோடு சேரும் இடத்தை மட்டும் இன்றே படமெடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை அதில் கத்தி வைக்காதே.

அன்புடன்,
அம்மா