மணிக்கு 25 கிலோமீட்டர்

யெல்லோநைஃப்,
பிப்ரவரிக் கடைசி.

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? போன வாரம் போனில், "ஏரி மேல லாரி ஓடுதாமே, ஐஸ் உடையாதா?" என்று கேட்டீர்கள். பெரியவனுக்கு ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டது, அவனுக்கும் இங்கே வர ஆசை என்றும் சொன்னீர்கள். இதைப் போனில் சொல்லி மாளாது. 30 வருடமாக நாமக்கல்லிலிருந்து கேஸ் டேங்கர் ஓட்டுகிறவருக்கு மேலோட்டமாகச் சொன்னாலும் திருப்தியாக இருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவனையும் படிக்கச் சொல்லுங்கள்.

யெல்லோநைஃப், கனடாவில் எட்மன்டன் நகரத்திலிருந்து சாலை வழியாகச் சுமார் 1,450 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே போகும் சாலை 70 கிலோமீட்டர் தாண்டி டிபிட் என்ற ஏரிக்கரையில் நின்றுவிடும். அதற்கு அப்பால் வெறும் பாறையும் ஏரியும்தான். எக்காட்டி, டயாவிக், காச்சோ குவே என்ற வைரச் சுரங்கங்கள் அந்தப் பக்கம் இருக்கின்றன. கோடையில் அங்கே போக விமானத்தை விட்டால் வேறு வழி கிடையாது. குளிர் வந்து ஏரிகள் உறைந்த பிறகு, அந்த ஐஸ் மேலேயே சாலை போடுகிறார்கள். டிபிட்–கொண்ட்வாய்ட்டோ குளிர்காலச் சாலை என்று பெயர். 1982-ல் லூப்பின் என்ற தங்கச் சுரங்கத்துக்காக முதலில் போட்டது. இப்போது சுமார் 400 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 100-க்கு 85 பங்குக்கு மேல் ஏரி. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவில் வரும் தரைத் துண்டை 'போர்ட்டேஜ்' என்பார்கள். அப்படி 60-க்கு மேல் இருக்கின்றன.

சாலை பிப்ரவரி தொடக்கத்தில் திறந்து மார்ச் கடைசியில் மூடிவிடும். எட்டு, பத்து வாரம்தான். சுரங்கங்களுக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய டீசல், சிமென்ட், வெடிமருந்து, டயர் எல்லாம் அதற்குள் போய்ச் சேர வேண்டும். 2007-ல் மட்டும் 10,900 லோடுக்கு மேல் போயிருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் குளிர் சரியாக விழவில்லை. சாலை சீக்கிரமே மூடப்பட்டு, மிச்சத்தை விமானத்தில் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஐஸ் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தடிமனைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, வரும் தொகையை 4 முதல் 6 வரை ஓர் எண்ணால் பெருக்கினால், தாங்கும் எடை கிலோவில் கிடைக்கும். சாலையைத் தினமும் அளந்து கண்காணித்தால்தான் பெரிய எண்ணைப் போடலாம். சும்மா விட்டால் 4-தான், சில சமயம் அதற்கும் கீழே. தடிமன் இரண்டு மடங்கானால் தாங்கும் எடை நான்கு மடங்காகும். இங்கே ஓடும் பெரிய வண்டிக்கு 'சூப்பர் பி' என்று பெயர். ஓர் இழுவை வண்டி, பின்னால் இரண்டு டிரெய்லர், மொத்தம் 8 ஆக்சில், லோடோடு 63,500 கிலோ. 70 சென்டிமீட்டர் ஐஸ் வந்ததும் லேசான லோடை விடுவார்கள். முழு லோடு சூப்பர் பி போக 107 சென்டிமீட்டர் வேண்டும். நம் வீட்டுத் திண்ணை உயரத்தைவிட அதிகம்.

எல்லா ஐஸும் ஒன்றல்ல. தெளிவாக, கருநீலமாகத் தெரிவதுதான் கெட்டி. பனியும் தண்ணீரும் கலந்து உறைந்த வெள்ளை ஐஸில் காற்றுக்குமிழி இருக்கும், அதன் தடிமனைப் பாதியாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதோடு, மேலே விழுந்து கிடக்கும் பனி கம்பளிப் போர்வை மாதிரி. குளிரைக் கீழே இறங்க விடாது. அதனால் முதல் வேலையே பனியைத் தள்ளி ஏரியைத் திறந்து போடுவதுதான். பிறகு ஐஸில் துளை போட்டு, கீழேயிருந்து தண்ணீரைப் பம்பில் எடுத்து மேலே ஊற்றி உறைய வைத்துத் தடிமன் ஏற்றுவார்கள். தடிமன் அளக்கும் ராடாரைச் சின்ன வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு தினம் ஓர் ஆள் போய்க்கொண்டே இருப்பார்.

லோடு ஏறினால் ஐஸ் சத்தம் போடும். துப்பாக்கி வெடித்த மாதிரி 'டப்' என்று ஒன்று, அதன்பின் கம்பி அறுந்தது போல நீளமாக ஒன்று. புதிதாக வருகிறவன் இதைக் கேட்டு அரண்டுபோவான். ஐஸ் வளைந்து கொடுக்கும்போது வரும் சத்தம் அது. கவனிக்க வேண்டியது ஈரமான விரிசலை. விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே ஏறியிருந்தால், அது அடிவரை போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே ரேடியோவில் இடத்தைச் சொல்ல வேண்டும்.

அண்ணா, இங்கே பயப்பட வேண்டியது எடைக்கு அல்ல, வேகத்துக்கு. எடையை ஏற்றும்போதே கணக்குப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். வேகம் டிரைவர் காலில் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் மேல் மிதக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் அது தட்டு மாதிரிக் குழிகிறது. வண்டி நகர்ந்தால் அந்தக் குழியும் கூடவே நகர்ந்து, அடியில் இருக்கும் தண்ணீரை அலையாகத் தள்ளிக்கொண்டு போகிறது. உங்கள் டேங்கருக்குள் சரக்கு அலைவது உங்களுக்குத் தெரியும். இங்கே அந்த அலை வண்டிக்குக் கீழே ஓடுகிறது.

அந்த அலைக்கு ஒரு சொந்த வேகம் உண்டு. அது தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது. தோராயமாக, 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர், 5 மீட்டரில் 25, 2 மீட்டரில் 16. வண்டியின் வேகமும் அலையின் வேகமும் ஒன்றாகிவிட்டால் அலை முன்னேயும் ஓடாது, பின்னேயும் தங்காது. வண்டிக்கு அடியிலேயே நின்று வளரும். ஒரு மீட்டர் ஐஸையும் அப்போது பிளந்துவிடும். முன்னால் போகும் அலை கரையில் மோதித் திரும்பி வந்து ஐஸைக் கீழேயிருந்து உடைத்து எறிவதும் உண்டு. அதனால்தான் லோடு வண்டிக்கு ஏரி மேல் மணிக்கு 25 கிலோமீட்டர், ஏரியில் இறங்கும்போதும் கரையேறும்போதும் 10 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். கரை நெருங்க நெருங்க ஆழம் குறைந்து, ஏதாவது ஓர் இடத்தில் அலையின் வேகமும் 25-க்கு வந்து நிற்கும். அந்த இடம் வருவதற்குள் நாம் 10-க்கு இறங்கியிருக்க வேண்டும். கரை தெரிந்தபிறகு பிரேக்கைத் தேடுகிறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான்.

லோடு வண்டிகளை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, இரண்டு முதல் நான்கு வண்டிகளாகச் சேர்த்து அனுப்புவார்கள். ஒன்றுக்கொன்று அரை கிலோமீட்டர் இடைவெளி. இரண்டு வண்டிகளின் குழி ஒன்றோடொன்று சேரக்கூடாது என்பதற்காகத்தான் அது. நம் ஊரில் தாபா கண்டதும் பின்னாலேயே வரிசையாக ஒட்டி நிறுத்துவோமே, இங்கே ஏரி மேல் அது கூடவே கூடாது. நிற்கும் எடை ஓடும் எடையைவிடக் கெடுதல். ஐஸ் மெதுவாகத் தொய்ந்துகொண்டே போகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் பழைய தடிமன் கணக்கு செல்லாது. வண்டி மக்கர் செய்தால் கூட வந்தவர்கள் இடைவெளி விட்டு நிற்பார்கள். யாரையும் தனியாக விட்டுப் போகிற வழக்கம் கிடையாது. திரும்பி வரும் காலி வண்டிக்குப் பெரிய ஏரிகளில் தனி லேன் உண்டு, அதில் 60 வரை போகலாம். வேகத்தை ராடாரில் பிடிக்கிறார்கள். மீறினால் வண்டியை ஓட்டவிடாமல் நிறுத்திவிடுவார்கள். சீசனே எட்டு வாரம் என்றால் அது பெரிய நஷ்டம்.

400 கிலோமீட்டரை 25-ல் வகுத்துப் பாருங்கள், 16 மணி நேரம். 60-வது அட்சரேகைக்கு வடக்கே ஒருவர் 15 மணி நேரம்தான் ஓட்டலாம், பிறகு தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வு. அதனால் வழியில் லாக்ஹார்ட் ஏரி முகாமில் சாப்பாடும் படுக்கையும் இருக்கிறது. ராத்திரி அங்கே போனால் நிற்கிற அத்தனை வண்டியிலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றைக்கூட அணைக்க மாட்டார்கள்.

ஏன் என்றால் குளிர். மைனஸ் 30 சாதாரணம், மைனஸ் 40-க்கும் கீழே போகும் நாட்களும் வரும். ஐஸ் உடைந்து போன வண்டியைவிட, குளிரில் நின்றுபோன வண்டிதான் எத்தனையோ மடங்கு அதிகம். பெரியவன் நன்றாகக் கவனித்துப் படிக்க வேண்டியது இதைத்தான்.

முதலில் டீசல். டீசலில் மெழுகு இருக்கிறது. குளிர்ந்தால் அது திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். வடக்கே விற்கும் குளிர்கால டீசல் மைனஸ் 40-ஐத் தாங்கும். தெற்கே டேங்கை நிரப்பிக்கொண்டு அப்படியே வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு ஃபில்டர் கையில் இருக்க வேண்டும். புகையின் நச்சைக் குறைக்க நம் பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஊற்றும் யூரியாத் தண்ணீர் மைனஸ் 11-லேயே கட்டியாகிவிடும். அந்த டேங்குக்குச் சூடேற்றும் குழாய் உண்டு. ஆனால் உறையும்போது பெருக்கும் என்பதால் வாய் வரை ஊற்றக்கூடாது. நிறுத்தி வைத்த இன்ஜினை வெறும் ஐடிலிங்கில் விட்டால் அது மேலும் குளிரும், டீசல் முழுதாக எரியாமல் வழியும். நிமிடத்துக்கு 900, 1,000 சுற்றில் வைக்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் கனத்த உறை போட்டு மூடுவோம்.

அடுத்தது ஏர் பிரேக். காற்றில் இருக்கும் ஈரம் குழாய்க்குள்ளே உறைந்து வால்வை அடைத்தால் பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது. ஏர் டேங்கைத் தினமும் வடிக்க வேண்டும். காற்றை உலர்த்தும் டிரையரில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பாத்திரத்தைக் குளிருக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். அப்படியும் உறைந்தால் குழாயில் கொஞ்சம் மெத்தனால் ஊற்றுவார்கள். ஆனால் அது ரப்பர் சீல்களைக் காய வைத்துவிடும், வேறு வழி இல்லாதபோதுதான் செய்யலாம். இழுவை வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் காற்றுக்குழாய் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் கல்லாகி ஒழுகும். நான்கைந்து வளையம் சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த வளையம் உட்காராது.

சூடான பிரேக்கோடு வந்து நிறுத்தி உடனே பார்க்கிங் பிரேக் போட்டால், சக்கரத்தின் பிரேக் டிரம்மில் பட்ட பனி உருகி, மறுபடி உறைந்து, பிரேக் ஷூவை டிரம்மோடு ஒட்டிவிடும். முதலில் ஆற விட வேண்டும். காலையில் கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்து ஒவ்வொரு சக்கரமும் சுற்றுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். நம் தார் ரோட்டில் ஒரு சக்கரம் பிடித்திருந்தால் வண்டி இழுக்கும், டயர் நாறும், உடனே தெரிந்துவிடும். ஐஸில் அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே வரும். ஒன்றும் தெரியாது. ஒரு போர்ட்டேஜ் ஏறுவதற்குள் டயர் தட்டையாகத் தேய்ந்து போயிருக்கும். சுற்றாவிட்டால் இறங்கிப்போய்ச் சுத்தியலால் டிரம்மைத் தட்டி விடுவிக்க வேண்டும். சூடான பட்டறைக்குள் அடித்த டயர் காற்று வெளியே வந்ததும் 20 பிஎஸ்ஐ வரை இறங்கும், அதற்குத் தகுந்தபடி அடிக்க வேண்டும்.

உடம்புக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். குளிர்கால டீசல் மைனஸ் 40-லும் தண்ணீராகவே ஓடும். அது கையில் பட்டால், மைனஸ் 40 குளிரைத் தோலில் ஊற்றிக்கொண்ட மாதிரி. அந்த நிமிடமே சதை வெந்துபோகும். டீசல் பிடிக்கும்போது துணிக் கையுறை ஆகாது, டீசல் ஊறாத உறைதான். காற்றும் சேர்ந்து அடித்தால் திறந்திருக்கும் மூக்கும் காதும் பத்து நிமிடத்துக்குள் உறையும். இரும்பு முனை வைத்த பூட்ஸும் வேண்டாம், குளிரை உள்ளே இழுக்கும்.

மரங்கள் முடிந்து வெட்ட வெளி தொடங்கும் மக்கே ஏரிப் பக்கம் காற்று எழுந்தால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, பானெட் கூடத் தெரியாது. விளக்குகளைப் போட்டு நின்றுவிட வேண்டும். வண்டியை விட்டு இறங்கவே கூடாது. பத்தடி போனவனுக்குத் திரும்பி வர வழி தெரியாமல் போகும்.

மார்ச்சில் முதலில் கெடுவது ஏரி இல்லை, தரை. வெயில் பட்டால் போர்ட்டேஜில் பனி கரைந்து கறுப்பு மண் தெரியும், அது இன்னும் சூட்டை இழுக்கும். நடு ஏரியில் ஐஸ் இன்னும் ஒரு மீட்டர் இருக்கும்போதே மேடு ஏற முடியாமல் சாலையை மூடுவார்கள். கடைசி வாரங்களில் ராத்திரியில் மட்டும் ஓட்டுவதும் உண்டு. இன்னொன்று, இந்த ஏரிகளின் தண்ணீர் அவ்வளவு சுத்தம். ஐஸ் மேல் ஆயில் சிந்தினாலும் அறிக்கை கொடுத்துச் சுரண்டி அள்ளியாக வேண்டும். வண்டிக்கு அடியில் கை வைக்கும் முன் தட்டும் உறிஞ்சும் துணியும் விரிக்க வேண்டும். இதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் பட்டறைகளில் மண்ணோடு போகும் ஆயிலை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

பெரியவன் விஷயம். வந்தவுடனே இந்தச் சாலைக்கு வர முடியாது, வரவும் கூடாது. நம் ஹெவி லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றித் தரமாட்டார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் என்றால் முதலில் கார் லைசென்ஸான 'ஜி' முழுதாக வாங்க வேண்டும், பிறகு டிரெய்லருக்கு 'ஏ', ஏர் பிரேக்குக்கு 'இசட்'. 2017 ஜூலையிலிருந்து 'ஏ' டெஸ்டுக்குப் போகும் முன் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று குளிர்காலம் நெடுஞ்சாலையில் ஓட்டட்டும். சங்கிலி மாட்டவும், உறைந்த பிரேக்கை விடுவிக்கவும் கை பழகட்டும். 'உடனே ஐஸ் ரோட்டில் வேலை' என்று யாராவது ஏஜென்ட் பணம் கேட்டால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் எந்தத் தேதியில் கொடுத்தது, எந்தெந்த வகை வண்டிக்கு என்ற விவரத்தோடு ஆர்டிஓ அலுவலகத்தில் எக்ஸ்ட்ராக்ட் என்ற லைசென்ஸ் விவரச் சான்று வாங்கி வைக்கட்டும், ஆங்கிலத்தில். பழைய அனுபவத்தைக் காட்ட அது இருந்தால் 'ஜி' டெஸ்டுக்குக் காத்திருக்கும் காலம் குறையும். கார்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும், இனிஷியல் உட்பட, ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கே இருக்கும்போதே திருத்திவிடட்டும். எக்ஸ்ட்ராக்ட் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி