புளோரிடா சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: நீதிமன்றக் கட்டணத்தை வாக்குரிமையிலிருந்து விலக்குங்கள்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

2018 நவம்பரில் இம்மாநில மக்கள் மாநில அரசியல் சட்டத்துக்கான நான்காம் திருத்தத்தை 64 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளால் நிறைவேற்றினார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்த 60 விழுக்காடு வேண்டும் என்றிருக்கும் புளோரிடாவில், இரு பெரும் கட்சிகளின் ஆதரவாளர்களும் சேர்ந்து வாக்களிக்காமல் அந்த அளவை எட்டியிருக்க முடியாது. பெருங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்று வாக்குரிமையை இழந்தவர்களில், கொலை, பாலியல் குற்றம் ஆகியவற்றுக்காகத் தண்டனை பெற்றவர்களைத் தவிர மற்றவர்கள், நன்னடத்தைக் கண்காணிப்புக் காலம் உட்படத் தண்டனையின் எல்லா விதிகளையும் நிறைவேற்றியதும் வாக்குரிமையைத் திரும்பப் பெறுவார்கள் என்பதே அத்திருத்தத்தின் சாரம். ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு அது வழிதிறக்கும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. அதற்கு ஆதரவாக வாக்களித்த குடிமகன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

மறு ஆண்டே நீங்கள் இயற்றிய சட்டம், தீர்ப்பில் விதிக்கப்பட்ட அபராதம், இழப்பீடு, நீதிமன்றக் கட்டணம் அனைத்தையும் செலுத்தி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாகும் என்றது. பாதிக்கப்பட்டவருக்குச் சேரவேண்டிய இழப்பீட்டைக் குறித்து நான் வாதாடவில்லை. திருடிய பணத்தைத் திருப்பித் தருவது தண்டனையின் பகுதி என்பதை ஏற்கிறேன். நீதிமன்றக் கட்டணங்களின் இயல்பு வேறு. மாநில அரசியல் சட்டத்தில் 1998இல் செய்யப்பட்ட திருத்தத்தின் விளைவாக, இம்மாநிலத்தின் நீதிமன்ற எழுத்தர் அலுவலகங்கள் பெரும்பாலும் தாம் வசூலிக்கும் கட்டணங்களைக் கொண்டே இயங்குகின்றன. வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லை என்று ஒருவர் விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பத்துக்கே 50 டாலர் கட்டணம். அரசு அமர்த்தித் தரும் வழக்கறிஞருக்காகப் பெருங்குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரிடம் குறைந்தது 100 டாலர் வசூலிக்கப்படுகிறது. கையில் பணமில்லை என்று அரசே ஒப்புக்கொண்ட மனிதரிடம், பணமில்லாமைக்காகவே விதிக்கும் தொகைகள் இவை. இவற்றால் குற்றத்தின் கடுமையையும் அளக்க முடியாது, மனம் திருந்தியதையும் அளக்க முடியாது.

2020 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஹிங்கிள், செலுத்த இயலாதவர்களுக்கு இந்த ஏற்பாடு அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் ஏதேனும் ஒரு தொகை நிலுவையில் இருப்பதாக அவ்வழக்கில் சான்று தரப்பட்டது. அதைவிட என்னைக் கலங்க வைத்தது, யார் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதை அரசாலேயே சொல்ல முடியவில்லை என்ற உண்மை. மாநிலம் முழுவதற்குமான ஒரே பதிவேடு இல்லை. பழைய வழக்குகளின் ஆவணங்கள் மாவட்டம் மாவட்டமாகச் சிதறிக் கிடக்கின்றன. சரிபார்க்க வேண்டிய 85,000 வாக்காளர் பதிவுகள் குவிந்திருந்தும், விசாரணை நடந்த வேளையில் அவற்றில் ஒன்றையும் அரசு முடித்திருக்கவில்லை. இந்த நிலையில் ஒருவர் படிவத்தில் தமக்குத் தகுதி உண்டு என்று கையெழுத்திட வேண்டும். தெரிந்தே பொய் சொன்னதாகத் தீர்ப்பானால் ஐந்தாண்டு வரை சிறை. 2022 ஆகஸ்டில் சட்டவிரோதமாக வாக்களித்ததாக 20 பேர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டபோது, அவர்களில் பலரிடம் தேர்தல் அலுவலகமே வழங்கிய வாக்காளர் அட்டை இருந்தது. அவர்கள் மேற்சொன்ன கடும் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்கள், ஆகவே திருத்தத்தின் பயன் அவர்களுக்கு இல்லை என்பது சரியே. ஆனால் அந்தத் தெளிவான விலக்கைக்கூட அரசால் முன்கூட்டியே கண்டறிய முடியவில்லை என்றால், பல ஆண்டுகளுக்கு முந்தைய கட்டணக் கணக்கை ஒரு கூலித் தொழிலாளி எப்படிக் கண்டறிவார்?

2020 செப்டம்பரில், 11ஆம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹிங்கிளின் தீர்ப்பை 6-க்கு 4 என்ற கணக்கில் மாற்றியதை அறிவேன். கட்டணம் தண்டனையின் பகுதி, வாக்களிப்பதன்மீது போடப்பட்ட வரி அன்று என்பது பெரும்பான்மையின் கருத்து. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 24ஆம் திருத்தம் 1964இல் கூட்டாட்சித் தேர்தல்களிலும், 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மாநிலத் தேர்தல்களிலும் வாக்கு வரியை, அதாவது வாக்களிக்கப் பணம் கட்டச் சொல்லும் முறையை, ஒழித்த வரலாற்றுக்கு அக்கருத்து நியாயம் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். இருப்பினும் தீர்ப்பு தீர்ப்பே. இந்த ஏற்பாட்டை வைத்திருக்க அது உங்களை அனுமதித்ததே தவிர, வைத்திருக்கும்படி கட்டளையிடவில்லை. மாநில உச்ச நீதிமன்றமும் கட்டணங்கள் தண்டனையில் அடங்கும் என்று கருத்துரைத்தது உண்மைதான். ஆனால் எந்தக் கட்டணம் தண்டனையோடு சேர்த்து விதிக்கப்படுகிறது என்பதை வகுப்பது நீங்கள் இயற்றும் சட்டமே.

ஆகவே, ஏழைகளுக்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் விண்ணப்பக் கட்டணத்தையும் முதலில் நீக்குங்கள். எஞ்சும் நீதிமன்றக் கட்டணங்களைக் குடிமையியல் கடனாக, அதாவது தண்டனையிலிருந்து பிரித்துச் சாதாரணக் கடன்போல வசூலிக்கும் தொகையாக, மாற்றும்போது அவை நிறைவேறியதாகவே கருதப்படும் என்று சட்டத்தைத் திருத்துங்கள். இப்போதுள்ள சட்டம் இதை வெளிப்படையாக மறுக்கிறது. நிலுவையைக் கேட்டு எழுதும் குடிமகனுக்குக் குறித்த காலத்துக்குள் எழுத்துமூலம் விடை தரும் கடமையை அரசின்மேல் வையுங்கள். அந்தக் காலத்துக்குள் விடை வராவிட்டால், அவர் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளட்டும்; பின்னால் தவறு தெரியவந்தாலும் அவர்மீது வழக்குத் தொடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
புளோரிடா வாக்காளர் ஒருவர்