சனிக்கிழமைக் காலையையும் திறந்து வைத்தவர்களுக்கு நன்றி

ஈசூன் வட்டாரத்து அன்பர்களுக்கு வணக்கம்.

நம் புளோக் கீழ்த்தளத்தில் வசிப்போர் குழு அறையில் நடக்கும் குட்டிப் பிள்ளைகளின் விளையாட்டுக் குழு, இந்த மாதம் முதல் சனிக்கிழமைக் காலையிலும் நடக்கும். இனிமேல் செவ்வாய், வியாழன், சனி காலை 9.30 முதல் 11.30 வரை, புதன் மாலை 4.30 முதல் 6 மணி வரை. மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் இது சின்னதாக ஒரு வரிதான். ஆனால் அதற்காக எத்தனை பேர் தங்கள் வேலையையும் தூக்கத்தையும் மாற்றி அமைத்துக்கொண்டார்கள் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர்களுக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பொம்மைகளும் பாய்களும் சேர்ப்பது சிரமமாக இல்லை. நம் வட்டாரத்தில் பிள்ளை வளர்ந்துவிட்ட வீடுகள் நிறைய. மரக்கட்டைகள், படப் புத்தகங்கள், தள்ளி விளையாடும் வண்டி என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். கிடைக்காமல் தவித்தது நேரத்துக்குத்தான். ஆரம்பத்தில் அறை காலியாக இருந்தது மதியம் 12 மணிக்கு மேல் மட்டுமே. ஒன்றரை வயதை ஒட்டி பெரும்பாலான பிள்ளைகள் காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு மதியம் ஒரே தடவையாகத் தூங்க ஆரம்பிக்கிறார்கள். அந்த வயதுப் பிள்ளையைச் சாப்பாட்டு நேரத்திலும் தூக்க நேரத்திலும் விளையாடக் கூட்டி வந்தால் என்ன ஆகும்? வந்தவர்கள் அழுதார்கள். சமாதானம் செய்தே பாட்டிகள் களைத்துப் போனார்கள். அடுத்த வாரம் பாதிப் பேரைக் காணோம். விளையாட்டுக் குழுவை எந்த நேரத்தில் திறக்கிறோம் என்பதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே முதல் நன்றி மூத்தோர் உடற்பயிற்சிக் குழுவினருக்கு. செவ்வாயும் வியாழனும் காலை 9.30 மணி அவர்களுடைய நேரம். நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அவர்களுடையது. அதைக் கேட்பதற்கே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அவர்களில் பலருக்குச் சீனமும் மலாயும்தான் சரளம். மூன்றாம் மாடி மலாய் அக்கா கூடவே வந்து, பிள்ளைகளின் தூக்க நேரத்தை எங்களைவிட அழகாக எடுத்துச் சொன்னார். அவர்கள் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசினார்கள். அப்புறம் அந்தக் குழுவை நடத்தும் ஆண்ட்டி, "நாங்கள் எப்படியும் விடியுமுன் எழுந்துவிடுகிறோம், 8 மணிக்கு வைத்துக்கொள்கிறோம்" என்று முடித்துவிட்டார். இப்போது பயிற்சி முடிந்ததும் அவர்களே நாற்காலிகளை ஓரம் தள்ளிவைத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் போகாமல் உட்கார்ந்து பிள்ளைகளோடு பந்து உருட்டுகிறார்கள். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதாக ஒருவர் சொன்னார். ஆண்ட்டி, உங்களுக்கும் உங்கள் தோழிகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

அறைக்கு நேர்மேலே இரண்டாம் மாடியில் குடியிருக்கும் அங்கிளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரவு முழுக்க 12 மணி நேரக் காவல் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுப்பவர். நாங்கள் 9.30க்கு மேளத்தையும் கிலுகிலுப்பையையும் எடுத்தால் அவர் தூக்கம் போச்சு. நகர மன்றத்துக்கு ஒரு புகார் எழுதியிருக்கலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. அவரோ கீழே இறங்கி வந்து, எந்தெந்த நாள், எத்தனை மணி வரை என்று கேட்டார். தன்னுடைய வேலை அட்டவணையையும் காட்டினார். இப்போது அவர் இரவு வேலை முடித்து வரும் நாள்களில் தாளமும் பாட்டும் கிடையாது. மணல் தட்டு, தண்ணீர்த் தட்டு, புத்தகம், களிமண் மட்டும்தான். அந்த அமைதியான நாள்களில் பேச வெட்கப்படும் பிள்ளைகள் கூடுதலாகப் பேசுகிறார்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன். அங்கிள், நீங்கள் பொறுமையோடு கேட்டீர்கள். அந்தப் பொறுமையால்தான் காலை நேரம் எங்களுக்கு நிலைத்தது.

புதன் மாலை எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதை இப்போதுதான் தாண்டிய பிள்ளைகள் இன்னும் காலை 10 மணி வாக்கில் ஒரு தூக்கம் போடுவார்கள். அவர்களுக்குக் காலை நேரம் உதவாது. மாலையில் யார் கதவைத் திறப்பது என்பது அடுத்த சிக்கல். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். மழை கொட்டினாலும் 4.15க்கு அவர் வந்து விளக்கைப் போட்டு, தரையைத் துடைத்து, மின்விசிறியைச் சுழல விட்டுக் காத்திருப்பார். ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் திறப்பார். கதவு திறந்திருக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் பெற்றோர் தங்கள் வாரத்தை இதை வைத்துத் திட்டமிட ஆரம்பித்தார்கள். ஐயா, இதை நீங்கள் ஒரு பொருட்டாகவே பேசுவதில்லை. நாங்கள் பேசாமல் இருக்க முடியாது.

சனிக்கிழமைதான் கடைசியாகக் கிடைத்தது. இங்கே முழுநாள் பராமரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் வாரநாள்களில் காலை 7 முதல் மாலை 7 வரை இயங்குகின்றன. வேலைக்குப் போகும் அம்மா அப்பாவுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பெற்றோர் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. ஒரு தாதி அம்மா இங்கே வருவதற்காகவே பிள்ளை பராமரிப்பு விடுப்பில் ஒரு நாள் எடுத்தார். குடிமகனான பிள்ளைக்கு 7 வயது ஆகும்வரை ஆண்டுக்கு 6 நாள்தான் அந்த விடுப்பு. காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் வேண்டியதை விளையாட்டுக்காகச் செலவழிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது என்று நாங்கள் வசிப்போர் குழுவிடம் சொன்னோம். அவர்கள் தங்கள் சனிக்கிழமை நிகழ்ச்சிகளைப் பிற்பகலுக்குத் தள்ளி அறையைத் தந்தார்கள். வாடகை கேட்கவில்லை. தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

வாரநாள்களிலேயே வரத் தொடங்கிய அப்பாக்களுக்கும் நன்றி. 2025 ஏப்ரல் முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, அரசாங்கம் சம்பளம் தரும் தந்தையர் விடுப்பு 4 வாரம். வீட்டில் அம்மா பச்சைக் குழந்தையோடு ஓய்வெடுக்கும்போது, மூத்த பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இவர்கள் வருகிறார்கள். தம்பி தங்கை பிறந்த வீட்டில் மூத்த பிள்ளைக்குத்தான் மனம் வாடும். அந்தப் பிள்ளைக்கு அப்பாவோடு தனியாக இரண்டு மணி நேரம் கிடைக்கிறது.

இல்லப் பணிப்பெண்கள் செய்ததை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். எங்களுடையது பராமரிப்பு நிலையம் அல்ல. பிள்ளையோடு வந்த பெரியவர் கடைசிவரை கூட இருக்க வேண்டும். பல வீடுகளில் அந்தப் பெரியவர் பணிப்பெண்தான். எந்தப் பிள்ளைக்கு எதைக் கண்டால் பயம், யாருக்கு எந்தப் பழம் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். புதிதாக வரும் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமையும் வைக்கலாமே என்று யோசனை வந்தது. அவர்களில் பலருக்கு அன்றுதான் ஓய்வுநாள், வேண்டாம் என்று ஒருமனதாக விட்டுவிட்டோம்.

கை, கால், வாய்ப்புண் நோய் வந்த சமயம் குழு நின்றுவிடுமோ என்று பயந்தோம். எச்சில், கொப்புளத்து நீர், மலம், பிள்ளைகள் வாயில் வைத்த பொம்மை என்று எல்லா வழியிலும் பரவும் நோய் அது. தன் பிள்ளைக்கு மருத்துவர் உறுதிசெய்த அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் தெரியப்படுத்திய அம்மாவுக்குத் தனி நன்றி. அவர் தயங்கியிருந்தால் இன்னும் பல வீடுகளுக்குப் பரவியிருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் வந்து கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழுவி, கிருமிநாசினி போட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்தார்கள். இப்போதும் வாரம் ஒருமுறை வருகிறார்கள்.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. நம் குழுவுக்கு எல்லா இனத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், எல்லா மொழியும் காதில் விழுகிறது. அதில் தமிழும் தயக்கமில்லாமல் ஒலிப்பதற்குக் காரணம் பாட்டிகள். மகன் வீட்டுக்கு வந்து சில வாரம் தங்கிப் போகும் தமிழ்நாட்டுப் பாட்டிகளும், இங்கேயே பிறந்து வளர்ந்த பாட்டிகளும் சேர்ந்து உட்கார்ந்தால் கைதட்டுப் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. நம் பிள்ளை "பாட்டி, இன்னொண்ணு" என்று கேட்டால், கூடவே சீனப் பிள்ளையும் "பாட்டி" என்று ஓடி வருகிறது. பொது நூலகத்திலிருந்து தமிழ்ப் படப் புத்தகங்களை இரவல் எடுத்து வந்து, தவணை தவறாமல் திருப்பிக் கொடுத்து, அடுத்த கட்டை எடுத்து வரும் உயர்நிலைப் பள்ளி மாணவிக்கும் நன்றி. ஒன்றரை வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம், அதற்கு மேல் 6 வயது வரை பள்ளி நேரம் போக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு போதும் என்று சுகாதார அமைச்சு சொல்கிறது. சொல்வது எளிது, தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் கைப்பேசியைக் கொடுக்காமல் ஒரு காலையைக் கடத்துவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் இங்கே வரட்டும்.

வருமானம் குறைந்த குடும்பங்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் சமூக ஊழியர் ஒருவர், எங்களிடம் ஒரே ஒரு ஆலோசனை சொன்னார்: கட்டணமும் பதிவுப் படிவமும் வேண்டாம். அப்படியே செய்தோம். வருமானம் குறைந்த குடும்பங்களின் சின்னப் பிள்ளைகளுக்கு உதவ 2016இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய கிட்ஸ்டார்ட் பற்றி எங்கள் பெற்றோர் சிலருக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான். அவருடைய உதவியால் தயங்கி நின்ற இரண்டு குடும்பங்கள் உள்ளே வந்தன, இப்போது நிலையாக வருகின்றன.

பொது விடுமுறை நாள்களில் குழு இருக்காது. ஜூன் பள்ளி விடுமுறையில் வழக்கம்போல நடக்கும். அண்ணன் அக்காமாரும் வரலாம், வந்தால் பாய் விரிக்க உதவ வேண்டும். புதன் மாலைக்கு இன்னொருவர் சாவி வைத்துக்கொள்ள முன்வந்தால் ஆசிரியர் ஐயாவுக்கு நடுவில் ஒரு வாரமாவது ஓய்வு கிடைக்கும். முடிந்தவர்கள் ஏதாவது ஒரு காலையில் அறைக்கே வந்து சொல்லுங்கள், போதும்.

அன்புடன்,
விளையாட்டுக் குழுத் தொண்டூழியர்கள் சார்பில் ஒரு தாய்
ஈசூன், சிங்கப்பூர்