குழாய்க்கு ஒரு எண், வயலுக்கு ஒரு எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நொய்யல் ஆற்றில் நுரை பொங்கினால் உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வருகிறது. நல்லதுதான். ஆனால் உப்பு படத்தில் விழாது. நான் எழுதுவது அந்த உப்பைப் பற்றி. எவ்வளவு உப்பு வரை ஆற்றில் விடலாம் என்று ஒரு எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்களே, அந்த எண்ணை யார், எப்போது, யாரைக் கேட்டுத் திருத்துகிறார்கள் என்பதைப் பற்றியும்தான்.

நான் வேதியியல் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி வந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. ஆக, கழிவுநீர் கிளம்பும் இடத்தில் சம்பளம் வாங்கியிருக்கிறேன், அது வந்து சேரும் இடத்தில் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கத்து நியாயமும் ஓரளவு தெரியும்.

ஆய்வகத்தில் எங்கள் வேலை எளிமையானது. குளோரைடு பார்க்க சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்துவோம். டிடிஎஸ் என்கிற கரைந்த உப்புக்கு, வடிகட்டிய தண்ணீரை வற்றக் காய்ச்சி மிஞ்சியதை எடை போடுவோம். தண்ணீரில் உள்ள அழுகும் கழிவு எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்று காட்டுகிற பி.ஓ.டி.க்கு 27 டிகிரியில் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரம்பு அச்சடித்திருக்கும். டிடிஎஸ்ஸுக்கு லிட்டருக்கு 2100 மில்லிகிராம். அதற்குக் கீழே வந்தால் தண்ணீர் பாஸ்.

சரி, பாஸான அந்தத் தண்ணீர் வயலுக்கு ஆகுமா?

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆறு, ஏரித் தண்ணீரை ஏ முதல் இ வரை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. ஏ வகுப்பு, கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கக்கூடியது. அப்படியே இறங்கி வந்தால் கடைசியில் இ, பாசனத்துக்கு. இந்தக் கடைசி வகுப்புக்கே, உப்பு கூடக் கூட ஏறுகிற மின்கடத்துத்திறன் 2250 மைக்ரோமோவைத் தாண்டக்கூடாது. 2100 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள், மூவாயிரத்துக்கு மேல் காட்டும். 2250 என்பதை உப்புக் கணக்கில் சொன்னால் சுமாராக 1400 மில்லிகிராம். ஆக, குழாய் வாயில் பாஸாகும் தண்ணீர், வாய்க்காலுக்கு வந்தால் ஃபெயில். இரண்டு எண்ணும் அரசாங்கத்தின் எண்தான்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு, ஆய்வகத்திலேயே சொல்வார்கள்: வெளியேறும் கழிவுநீர் ஆற்றில் ஓடும் நல்ல தண்ணீரோடு கலந்து நீர்த்துவிடும், அதனால் குழாய்க்குக் கொஞ்சம் தாராளம் காட்டலாம். காவிரியில் ஆடிப்பெருக்கு நாளில் இந்தக் கணக்கு சரி. நொய்யலில் மழை மாதங்களை விட்டால், எங்கள் பக்கம் ஓடி வருவது பெரும்பாலும் கோவையும் திருப்பூரும் விடுகிற சாக்கடைத் தண்ணீர்தான். எதோடு எது கலந்து நீர்த்துப்போகும்? தென்னை எப்படியோ தாக்குப்பிடிக்கிறது. மஞ்சளும் வாழையும் தாக்குப்பிடிக்காது. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து, "ஏனுங்க்கா, இது சோளக்காட்டுக்கு ஆகுங்களா?" என்று என்னிடம் மீட்டர் வைக்கச் சொல்கிறார்கள். 2100க்குள் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம் என்றால் அவர்களுக்குப் புரிவதில்லை.

சாயப்பட்டறைகளுக்குத்தான் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்கிற ஜீரோ டிஸ்சார்ஜ் வந்துவிட்டதே, இன்னும் ஏன் 2100ஐப் பிடித்துத் தொங்குகிறாய் என்று கேட்பார்கள். அந்த வரம்பு மற்றத் தொழில்களுக்கு இன்னும் இருக்கிறது என்பது ஒன்று. ஆற்றில் வருவதில் பெரும்பங்கு சாக்கடை என்பது இன்னொன்று. சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய அரசு 2017 அக்டோபரில் போட்ட அறிவிக்கையை எடுத்துப் படியுங்கள். கார அமிலத் தன்மை, பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி, அவ்வளவுதான். கரைந்த உப்பு என்ற வரியே அதில் இல்லை.

அந்த அறிவிக்கை வந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2015இல் வெளியிட்ட வரைவில் பி.ஓ.டி. 10 மில்லிகிராம் என்று இருந்தது. 2017இல் முடிவாக வந்தபோது பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று தளர்ந்துவிட்டது. அப்புறம் ஒருவர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பாயம் திரும்பவும் 10க்குக் கொண்டுவந்தது. வரைவுக்கு ஆட்சேபணை சொல்ல வழக்கமாக 60 நாள் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு வரைவு வந்ததே யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? டில்லி அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகள் அத்தனையிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டில்லி உயர் நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டியிருந்தது.

இதெல்லாம் டில்லி விஷயம், நம் மாநில வாரியம் என்ன செய்யும் என்று விட்டுவிட முடியாது. 1974ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கழிவுநீருக்கும் அது போய்ச் சேரும் நீர்நிலைக்கும் தரம் வகுக்கவும், மாற்றவும், ரத்து செய்யவும் மாநில வாரியத்துக்கே அதிகாரம் கொடுக்கிறது. பல மாநிலங்களில் ஓடும் ஆற்றுத் தண்ணீருக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் கிளம்பி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் வரை தமிழ்நாட்டை விட்டு ஓர் அடி வெளியே போவதில்லை. என் புத்திக்கு எட்டியவரை அந்த விலக்கைக் காட்டி ஒதுங்க இடமில்லை.

பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மேல் வந்த வேலூர் வழக்கு எல்லாருக்கும் தெரியும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்புச் சொன்னபோது, உப்புக்குத் தமிழ்நாடு வாரியம் வகுத்த தரமே செல்லும் என்றது. அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட, நீரி என்கிற தேசிய சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? டிடிஎஸ், குளோரைடு, சல்பேட் மூன்றுக்கும் மத்திய அமைச்சகம் தரம் எதுவும் வகுக்கவில்லை, உள்ளூர் நிலைமையைப் பார்த்து மாநில வாரியங்களே முடிவு செய்ய வேண்டும் என்று. உள்ளூர் நிலைமை! நொய்யலை விட உள்ளூர் நிலைமை வேறென்ன இருக்கிறது? ஆனால் பாலாற்றுக்கும் 2100, நொய்யலுக்கும் 2100, வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் தாமிரபரணிக்கும் 2100.

யோசித்துப் பார்த்தால், நம் பக்கத்து ஆறுகளுக்கு விதி இறுகியது எல்லாமே கோர்ட்டில்தான். பாலாற்றுக்கு 1996. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜீரோ டிஸ்சார்ஜ் கெடு வைத்தது. அதுவரை வெளியேற்றும் லிட்டருக்கு ஆறு காசில் தொடங்கி பத்துக் காசு வரை அபராதம். 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அப்படியும் நடக்காமல் 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மொத்தமாகப் பூட்டச் சொல்லி உத்தரவு. அந்தப் பூட்டில் வேலை இழந்தவர்களில் என்னோடு பழகியவர்கள் உண்டு. வாடகைக்கு வீடு எடுத்திருந்த குடும்பங்கள் ராவோடு ராவாக ஊர் திரும்பின. நோட்டீஸ், கோர்ட், பூட்டு என்ற வழியில் போனால் கழிவு குடித்த வயலும் கெடுகிறது, பட்டறையில் நின்றவன் வயிறும் காய்கிறது. கெடு தெரிந்து, படிப்படியாக, எல்லாரையும் உட்கார வைத்துப் பேசித் திருத்துகிற ஏற்பாடு தொழில்காரர்களுக்கும் நல்லதுதான். இதை அவர்களே கேட்க வேண்டும் என்பேன்.

அமெரிக்காவில் 1972இல் வந்த சுத்தமான தண்ணீர்ச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது தன் நீர்த் தரங்களை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பொது விசாரணை நடத்த வேண்டும், மாற்றியதை மத்திய முகமைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். முதலில் இந்த ஆறு எதற்குப் பயன்படுகிறது என்று முடிவு செய்வார்கள், அதற்கேற்ற எண் அப்புறம். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நாள் குறித்து வைத்திருக்கிறார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

நமக்குப் பொது விசாரணை புதிதும் அல்ல. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் ஒரு பெரிய தொழிற்சாலை வருகிறதென்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியமே 30 நாள் முன்னதாகத் தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, கலெக்டர் தலைமையில் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுகிறது. பந்தல், மைக், வீடியோ எல்லாம் உண்டு. ஒரு தொழிற்சாலைக்கு இத்தனையும் செய்கிறவர்கள், எல்லாத் தொழிற்சாலைக்கும் சேர்த்துப் போடுகிற எண்ணைத் திருத்தும்போது மட்டும் ஏன் அறைக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும்? சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பார்கள். தடுக்கவும் இல்லையே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நொய்யலை எடுத்துக்கொண்டு, எந்த இடம் வரை எதற்குப் பயன்பட வேண்டும் என்று வாரியம் முதலில் வகைப்படுத்தட்டும். சித்திரை, வைகாசியில் ஆறு வறண்டு கிடக்கும்போது எடுத்த மாதிரியை வைத்து, வயலுக்கு ஆகிற எண்ணிலிருந்து பின்னோக்கிக் குழாயின் எண்ணைக் கணக்கிடட்டும். சாக்கடைக்கும் உப்பு வரம்பு சேர்க்கட்டும். வரைவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டட்டும். கூட்டத்தைச் சென்னையில் வைக்காமல் காங்கயத்திலோ அணைப் பக்கத்திலோ வைக்கட்டும். வந்த ஆட்சேபணைகளையும், ஏற்றது எது, தள்ளியது எது, ஏன் என்பதையும் வெளியிடட்டும். மூன்று வருஷம் கழித்து மறுபடியும் இதையே செய்யட்டும்.

நீங்களும் ஓர் உதவி செய்யலாம். வாரியமோ அமைச்சகமோ தண்ணீர் சம்பந்தமாக வரைவு ஏதாவது வெளியிட்டால், கடைசித் தேதியையும் ஆட்சேபணை அனுப்ப வேண்டிய முகவரியையும் ஒரு சின்னப் பெட்டியில் போடுங்கள். டிடிஎஸ் கணக்கு புரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து எழுத வைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்